குழித்தறியும் சிறுத்தைப் பல்லியும்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து என் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். வயது பன்னிரண்டு. எப்போதும் வாயெல்லாம் பல்லாக வருகிறவள் அன்றைக்கு அழுதுகொண்டிருந்தாள்.

"தாத்தா, புள்ளிக்கு விரல் போயிருச்சு" என்றாள்.

புள்ளி என்பது அவள் வளர்க்கும் பல்லி. நம் சுவரில் ஓடுகிற பல்லி அல்ல. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளும் கொழுத்த வாலுமாக இருக்கும் சிறுத்தைப் பல்லி. நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் பேத்தி, கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்க்கிறாளே என்று முதலில் சிரித்தேன். பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த விரல் போனதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். பல்லி தோல் உரிக்கும்போது காலிலும் விரலிலும் பழைய தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது காய்ந்து, விரலை நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் சுற்றிக்கொண்டது. அடுத்த முறை உரிந்தபோது அதன்மேல் இன்னொரு சுற்று. ரத்த ஓட்டம் நின்று, இடது முன்காலில் இரண்டு விரல் நுனிகள் கறுத்து உதிர்ந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டி விற்ற கடைக்காரர் "பாலைவனப் பிராணி, ஈரமே ஆகாது" என்று சொல்லியிருந்தார். நானும் ஏதோ படித்துவிட்டு, "ஆமா தாயி, காய்ஞ்ச இடத்துல வாழுறது. தண்ணிக் கிண்ணத்தக்கூடச் சின்னதா வை" என்று சொல்லியிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளில் "பார்வைக்கு" என்று எழுதியவன், ஒரு கோப்பைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதுபோல் ஆயிற்று.

அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரித்ததில் தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

* * *

இந்தப் பல்லிக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தது நம் நாட்டில் இருந்துதான். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக 1841 முதல் இருந்த எட்வர்டு பிளைத் என்ற ஆங்கிலேயர், 1854இல் இதை விவரித்து எழுதினார். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்ததை வைத்து எழுதினார். அந்த மலை இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. இதன் இனத்துக்கு அதற்கு முன்பே, 1827இல், ஜான் எட்வர்டு கிரே 'யூபிளெஃபாரிஸ்' என்று பெயரிட்டிருந்தார். கிரேக்க மொழியில் நல்ல இமை உள்ளது என்று பொருள். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லி கண்ணை மூடித் தூங்கும். அதன் விரலில் ஒட்டும் பட்டைகளும் கிடையாது. சுவர் ஏறாது, தரையில்தான் நடக்கும்.

பல்லிகளுக்குப் பெயர் வைத்த கதையில் புதுச்சேரிக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. நம்மூர்ப் புளியமரப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்குமே ஒரு பெரிய மரப்பல்லி, அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் லெஷெனோ. 1816இல் புதுச்சேரிக்கு வந்து சில ஆண்டுகள் இருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர். பாரிஸ்காரர்களான துய்மெரிலும் பிப்ரோனும் 1836இல் அந்தப் பெயரை வைத்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது எழுபது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

சிறுத்தைப் பல்லிக்கு வருவோம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகியவை அதன் நாடு. மணல்மேடு அல்ல, கல்லும் முள்ளும் காய்ந்த புல்லும் உள்ள கரட்டு நிலம். சேத்தூர், தேவதானம் பக்கம் மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவர்களுக்கு அந்த மாதிரி நிலம் கண்முன் வரும். அதற்கு விஷம் கிடையாது. ஆனாலும் விஷப் பிராணி என்று கிராமங்களில் அடித்துக் கொன்றுவிடுவார்கள். நம் பக்கத்தில் அரணையைப் பார்த்துப் பயப்படுகிற கதைதான்.

1970களிலிருந்து மேல்நாட்டில் இதைப் பெட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். சாது, சத்தம் போடாது, பதினைந்து இருபது வருஷம் உயிரோடு இருக்கும். இன்றைக்கு அங்கே விற்பவை பல தலைமுறையாகப் பெட்டியிலேயே பிறந்தவை. நம் நாட்டில் இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுக்குப் போய்ப் பல்லி பிடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். பட்டியலிட்ட காட்டுயிரைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

* * *

இனி ஈரத்தின் கதை.

பள்ளியில் எங்கள் பௌதிக ஆசிரியர் ஒருநாள், "நாளைக்கு யாராவது வீட்டிலிருந்து நீளமான தலைமுடி ஒன்று கொண்டுவாருங்கள்" என்றார். நான் அக்காளின் முடியைக் கொண்டுபோனேன். அதைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை ஒரு சின்ன முள்ளில் சுற்றி, அட்டையில் கோடுகள் போட்டார். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போனாலும் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்குதான் நீளும். முள் அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஜெனீவாக்காரர் சோசூர் 1783இல் இதைப் பற்றிப் பிரெஞ்சில் புத்தகமே எழுதினார். அதே ஊர்க்காரரான தெலுக் திமிங்கிலத்தின் வாய்த் தகட்டில் ஒரு கருவி செய்து, அதுதான் சரி என்று அவரோடு சண்டை போட்டார். எங்கள் வகுப்பில் அந்தச் சண்டைக்கு வேலை இல்லை. புதுச்சேரிக் கடற்கரைக் காற்றில் எங்கள் முள் 'ஈரம்' என்ற பக்கத்திலேயே போய் நின்றுகொண்டது. வருஷம் முழுவதும் அசையவில்லை.

அந்த ஆசிரியர் சொன்ன ஒரு கணக்கு இப்போது உதவியது. காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் குறைவாகத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 0 டிகிரியில் சுமார் 5 கிராம் நீராவிதான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். நாம் ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று சொல்வது, அந்தச் சூட்டில் தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு.

லியோனில் குளிர்காலம். வெளியே 0 டிகிரி. அந்தக் காற்று ஈரம் நிறைந்தே இருந்தாலும் 5 கிராம்தான். அது வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், 17 தாங்கும் இடத்தில் 5. அதாவது 30 விழுக்காட்டுக்கும் கீழே. பல்லிப் பெட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி. அங்கே 34 கிராம் தாங்கும். இருப்பது அதே 5. வெறும் 15 விழுக்காடு! சமையல், மூச்சு, துவைத்துக் காயப்போட்ட துணி என்று வீட்டில் கொஞ்சம் ஈரம் சேரும்தான். ஆனாலும் சித்திரை மத்தியானத்து நம்மூர்க் காற்றைவிட வறண்ட காற்றை அந்தப் பிராணி வாரக்கணக்கில் சுவாசித்திருக்கிறது. வெளியே பனி பெய்கிற ஊரில் வீட்டுக்குள் பாலைவனம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

சரி, பாலைவனப் பிராணிக்குப் பாலைவனக் காற்று ஏன் ஆகவில்லை? இந்த இடத்தில்தான் தாத்தாவின் தறி ஞாபகத்துக்கு வந்தது.

* * *

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் இப்போது குடியிருப்பது தளவாய்புரத்தில் என் தாத்தா வாழ்ந்த வீடு. இன்று தெருவில் நைட்டி தைக்கிற தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும். நான் சின்னப் பையனாக விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து வந்த நாளில் இங்கே கேட்டது தறிச் சத்தம். முன்கூடத்தில் தரையைத் தோண்டிய குழி. அதில் தாத்தா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். பாவு தரைமட்டத்தில் நீண்டு கிடக்கும்.

தறியை ஏன் குழிக்குள் இறக்கினார்கள்? மிதி மிதிக்க வசதி, கட்டை குறைவாகச் செலவாகும் என்பதெல்லாம் உண்மை. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கும். காய்ந்தால் மொறுமொறுத்து அறும். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வரும் காற்று மழையைக் கேரளத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு இங்கே வரும். அந்த மாதங்களில் இழை அறுந்துகொண்டே இருக்கும். முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். அப்போது தாத்தா குழிக்குள் நீர் தெளிப்பார். பாவுக்குக் கீழே நனைத்த துணியைப் போட்டு வைப்பார். தெருவெல்லாம் புழுதி பறக்கும். குழிக்குள் கை வைத்தால் ஈரமண் வாசனை வரும். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர். குழியில் நீர் ஊறிவிடும், பாவுக்குப் போட்ட கஞ்சி காயாது, தறி நின்றுவிடும், அடுப்பும் பாதி நாள் நின்றுவிடும்.

ஊருக்கு ஓர் ஈரம், குழிக்கு ஓர் ஈரம். தளவாய்புரம் வறண்ட ஊர் என்று எழுதிவைத்தால் சரிதான். ஆனால் தாத்தாவின் பாவு வாழ்ந்தது தளவாய்புரத்தில் அல்ல, குழியில்.

சிறுத்தைப் பல்லியும் அப்படித்தான். பகல் முழுவதும் கல்லுக்கு அடியிலும் வளைக்குள்ளும் கிடக்கும். பொழுது சாய்ந்து, காற்று குளிர்ந்து, ஈரப்பதம் ஏறியபிறகு வெளியே வரும். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் கொஞ்சம் ஆழத்தில் மண்ணுக்குள் சிறைப்பட்ட காற்றில் நீராவி நிறைய இருக்கும். அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்து கங்காரு எலிகளை ஆராய்ந்த ஷ்மிட்-நீல்சன் தம்பதி, எலியின் வளைக்குள் இருந்த காற்றை அளந்து பார்த்து, வெளியைவிட அங்கே ஈரம் அதிகம் என்று 1950 வாக்கில் காட்டினார்கள். பாலைவனத்தில் வாழ்கிற பிராணி பாலைவனக் காற்றில் வாழவில்லை என்பது அதன் பொருள்.

முட்டையும் இதையே சொல்கிறது. நம் வீட்டுப் பல்லியின் முட்டையை அலமாரிக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு மிட்டாய் போல் கெட்டி ஓடு. அது காய்ந்த இடத்திலும் கிடந்து பொரியும். சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் போல் மென்மையானது. சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஊதும். காய்ந்த இடத்தில் வைத்தால் சுருங்கிச் செத்துவிடும். தரைக்கு அடியில் ஈரம் கிடைக்காத இடத்தில் இப்படிப்பட்ட முட்டை இடும் பிராணி பிழைத்திருக்க முடியுமா? இதை முதலிலேயே யோசித்திருந்தால் புள்ளியின் விரல் தப்பியிருக்கும்.

* * *

ஈரத்தை மனிதன் இயந்திரத்தால் உண்டாக்கத் தொடங்கியதும் நூலுக்காகத்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவுக்கூடங்களில் நீராவியைக் காற்றில் விட்டார்கள். நூல் அறவில்லை, நெய்தவர்கள் நனைந்த துணியோடு குளிரில் வீடு போய் நோயில் விழுந்தார்கள். 1889இல் ஒரு சட்டம் வந்து, இந்தச் சூட்டில் இதற்குமேல் ஈரம் கூடாது என்று அட்டவணை போட்டது. 1902இல் நியூயார்க்கில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் உப்பிக் கெடாமல் இருக்க வில்லிஸ் கேரியர் ஓர் இயந்திரம் அமைத்தார். 1906இல் ஸ்டூவர்ட் கிராமர் என்பவர் நூல் மில்லுக்கு ஈரம் கொடுக்கும் தம் முறைக்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் குளுகுளு அறை என்று நினைக்கும் ஏசி, பெயர் வாங்கியது பஞ்சாலையில்.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் மில் தொடங்கியபிறகு, சுற்றுவட்டார இளைஞர்கள் பலர் தறிக்குழியிலிருந்து எழுந்து மில்லுக்குப் போனார்கள். என் அப்பா இன்னும் தூரம் போய்ப் புதுச்சேரி மில் ஒன்றில் சேர்ந்தார். அங்கே சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஈரப்பதம் சொல்வார்கள். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், செயற்கை ஈரத்துக்குக் குடிநீர் போன்ற சுத்தமான நீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 15ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. தெளிக்கிற நீர் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகும் என்று கண்டுகொண்ட பிறகு வந்த விதி அது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி. சரியான ஈரம் என்கிறோமே, யாருக்குச் சரி? பருத்தி நூலைச் சோதிக்க 65 விழுக்காடு என்று வைத்திருக்கிறார்கள். அது நூலுக்கு. குழிக்குள் இடுப்பளவு உட்கார்ந்திருந்தவருக்கு எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? தாத்தாவுக்கு ஐம்பது வயதிலேயே முழங்கால் மடங்காது. ராத்திரியில் அப்பத்தா விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். அதைக் குளிர்ச்சி என்றார்கள், வாதம் என்றார்கள். குழி என்று யாரும் சொல்லவில்லை.

* * *

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டேன். அதற்குள் அவள் அம்மா பல்லியை விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தாள். அவர் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் காலை நனையவிட்டு, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெதுவாக உருட்டி மிச்சத் தோலை எடுத்திருக்கிறார். காய்ந்த தோலைப் பிடித்து இழுக்கவே கூடாது, கீழே உள்ள தோலும் பிய்ந்துவிடும் என்றாராம்.

"அப்போ பெட்டி முழுக்கத் தண்ணி தெளிச்சிரட்டுமா தாத்தா?" என்றாள்.

"வேண்டாம் தாயி. அதுவும் தப்பு" என்றேன். பெட்டி முழுவதும் ஈரமாகவே இருந்தால் மூச்சுக்குழலில் நோய் வரும், தோலில் புண் வரும். கார்த்திகை மாதத்துத் தறிக்குழிக் கதைதான். பல்லி வளர்த்துப் பழகியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: பெட்டியின் பொதுக் காற்று 30 முதல் 40 விழுக்காடு இருந்தால் போதும், ஒரே ஓர் ஒளிவிடம் மட்டும் 70, 80 விழுக்காடு இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. பல்லி தாராளமாக நுழையும்படி பக்கத்தில் ஓர் ஓட்டை; ஓரம் கிழிக்காமல் தேய்த்துவிட வேண்டும். உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியோ காகிதத் துண்டோ போட வேண்டும். சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது. பெட்டியின் வெதுவெதுப்பான பக்கம் வைத்தால் ஈரம் ஆவியாகி டப்பா நிறையும். சில நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குடிநீர்க் கிண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். ஈரமானி ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை டப்பாவிலும் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மிச்சத்தைப் பல்லி பார்த்துக்கொள்ளும். தோல் வெளுத்து உரியும் நேரம் வந்தால் தானே உள்ளே போகும். போதும் என்றால் தானே வெளியே வந்து காய்ந்த கல்லில் படுக்கும்.

அவள் அன்று சாயங்காலமே தயிர் டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு வைத்துவிட்டாள். புள்ளி இரண்டு நாள் அதைச் சட்டை செய்யவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் தலை மட்டும் வெளியே தெரிய உள்ளே உட்கார்ந்திருந்ததைப் படம் பிடித்து அனுப்பினாள். தையில் அடுத்த உரிப்பு. இந்த முறை தோல் முழுவதுமாகக் கழன்று வந்தது. அந்தத் தோலை வழக்கம்போல் அது தின்றுவிட்டது. போன விரல் நுனிகள் திரும்பி வராது. வாலைப் போல விரல் வளராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"தாத்தா, ஒங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என் தாத்தாவின் தறியைப் பற்றிச் சொன்னேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போய், குழி இருந்த இடத்தைக் காட்டினேன். 1980களில் அதை மண் போட்டு மூடிச் சிமெண்ட் பூசிவிட்டோம். ஆனாலும் அடைமழைக் காலத்தில் அந்த இடம் மட்டும் ஒரு பாய் அளவுக்குக் கறுத்து ஈரம் காட்டும்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தத் தாத்தா ஈரம் வேணாம்னா வெளிய வந்துக்கலாமா?"

"இல்ல தாயி. பாவு முடியிற வரைக்கும் வர முடியாது" என்றேன்.